பொங்கலைச் சனிக்கிழமைக்குத் தள்ள வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தைப் பொங்கல் வேலை நாளில் வந்தால், "வர்ற சனிக்கிழமை வச்சுக்கலாமே" என்று சொல்வது சிங்கப்பூரில் நம்மிடையே வழக்கமாகிவிட்டது. சங்கங்களும் அப்படித்தான் செய்கின்றன, வீடுகளிலும் அப்படித்தான் நடக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே தொடக்கப்பள்ளியில் தமிழ் கற்றுக்கொடுக்கும் எனக்கு இது மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. பள்ளிக்கும் வேலைக்கும் போய்விட்டு வந்த பிறகும், தை முதல் நாளிலேயே, வெயில் இருக்கும்போதே இங்கே பொங்கல் வைக்க முடியும். நாங்கள் சிலர் பல ஆண்டுகளாக வைத்துவருகிறோம். அதைப் பற்றியும், உங்கள் நாளிதழ் இதற்குச் செய்யக்கூடிய ஓர் உதவி பற்றியும் எழுத விரும்புகிறேன்.

வெளிநாட்டில் ஆசிரியர் வேலை பார்ப்பவருக்குப் பண்டிகையும் பள்ளி ஆண்டும் ஒத்துப்போவதே இல்லை. இங்கே பள்ளி ஜனவரி தொடக்கத்தில் திறக்கிறது. பொங்கல் வரும்போது தொடக்கநிலை ஒன்றில் சேர்ந்த பிள்ளைகள் உணவகத்தில் காசு கொடுத்துச் சாப்பாடு வாங்கவே பழகிக்கொண்டிருப்பார்கள். சிலர் அப்போதும் காலையில் அம்மாவின் கையை விடாமல் அழுவார்கள். அந்த நேரத்தில் விடுப்புக் கேட்க எந்த ஆசிரியருக்கும் வாய் வராது. தீபாவளிக்கு விடுமுறை உண்டு என்றாலும் அது தேர்வுக் காலத்தையொட்டி வருவது, ஊருக்குப் போய்வர அந்த ஒரு நாள் காணாது. நீண்ட விடுமுறை நவம்பர் நடுவில் தொடங்கி டிசம்பரோடு முடிந்துவிடும். ஆக, நான் ஊருக்குப் போவது கார்த்திகையிலும் மார்கழியிலும்தான்.

எங்கள் ஊர் மன்னார்குடிப் பக்கம். மார்கழியில் சம்பாப் பயிர் கதிர் விட்டு நிற்கும். பனியில் வரப்பு வழுக்கும். விடியற்காலையில் வாசலை அடைத்துக் கோலம் போட்டு, சாண உருண்டையில் பூசணிப்பூவைச் செருகி நடுவில் வைப்பார்கள். எங்கள் வீட்டில் அந்த உருண்டைகளை எறிந்துவிடுவதில்லை. வறட்டியாகத் தட்டிக் காயவைத்துப் பொங்கலன்று அடுப்பில் போடுவார்கள். வறட்டி காய்வதை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன், எரிவதைப் பார்த்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. வீட்டுக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு ஊறப்போடும் நேரத்தில் நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு திருச்சி விமான நிலையத்துக்குக் கிளம்ப வேண்டும். "கதிரைப் பாத்துட்டுப் போற, அரிசியைப் பாக்காமப் போற" என்று அம்மா சொல்லாத வருடம் இல்லை. என்னைப் போல இங்கே கற்பிக்கும் எல்லாருக்கும் இப்படி ஒரு குறை இருக்கும். கேரளத்துத் தோழி ஒருவர் ஓணத்தைப் பற்றி இப்படித்தான் பேசுவார்.

பொங்கலுக்குப் பொது விடுமுறை கேட்கலாமே என்று சிலர் சொல்வதுண்டு. நான் அதைக் கேட்கவில்லை. பல இனத்தவரும் பல சமயத்தவரும் வாழும் இந்த நாட்டில் ஆண்டுக்கு 11 பொது விடுமுறை நாள்கள், அவற்றைப் பகிர்ந்துகொண்டிருக்கிறோம். தைப்பூசமே 1968 வரை விடுமுறையாக இருந்து, பிறகு இல்லாமல் போனதுதான். அப்போது முஸ்லிம்களும் கிறிஸ்துவர்களும்கூடத் தங்கள் விடுமுறைகளில் சிலவற்றை விட்டுக்கொடுத்தார்கள். சரி, விடுமுறை போனதால் தைப்பூசம் நின்றுவிட்டதா? சிராங்கூன் ரோடு சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில்வரை காவடியும் பால்குடமும் போய்க்கொண்டேதான் இருக்கின்றன. விடுப்பு எடுக்க முடிந்தவர்கள் எடுக்கிறார்கள். முடியாதவர்கள் விடிவதற்கு முன்னாலோ வேலை முடிந்து இரவிலோ நடக்கிறார்கள். பூச நட்சத்திரத்தைச் சனிக்கிழமைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. பொங்கலுக்கு மட்டும் ஏன் அப்படித் தோன்றுகிறது?

காலை நேரம்தான் காரணம் என்று நினைக்கிறேன். பொங்கல் என்றாலே கிழக்கு வெளுக்கும்போது பால் பொங்க வேண்டும் என்று நம் மனத்தில் பதிந்திருக்கிறது. சிங்கப்பூரில் ஜனவரி நடுவில் சூரியன் உதிப்பது ஏழு மணி பத்து நிமிடத்தையொட்டி. பள்ளி மணி ஏழரைக்கு அடிக்கும். அதற்கு நடுவில் பானை வைத்து, பொங்கவிட்டு, படைத்து, பிள்ளைகளுக்கு ஒரு வாய் ஊட்டிவிட்டுப் பேருந்தைப் பிடிப்பது நடக்கிற காரியம் இல்லை. அதனால் 'இன்றைக்கு முடியாது' என்ற முடிவுக்குச் சுலபமாக வந்துவிடுகிறோம்.

எங்கள் மாடியில் இருக்கும் ஒரு பெரியவர்தான் எனக்கு இதைப் புரியவைத்தார். சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர், எழுபதைத் தாண்டியவர். அவரை ஆன்ட்டி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். "இங்க எப்பவும் பொழுது இவ்வளவு லேட்டா விடியாதும்மா. 82க்கு அப்புறம்தான் இப்படி" என்றார். அவர் சொன்னது உண்மை. 1982 தொடக்கத்தில் மலேசியாவோடு சேர்ந்து சிங்கப்பூர் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்கள். அதற்கு முன்னால் தை மாதத்தில் ஆறே முக்கால் மணிக்குள் சூரியன் வந்துவிடும். அவருடைய அம்மா பானையை இறக்கி, பிள்ளைகளைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்ப நேரம் இருந்தது. இப்போது காலையில் அந்த அரை மணி இல்லை. ஆனால் காலையில் போனது மாலையில் வந்திருக்கிறதே! ஜனவரியில் இங்கே சூரியன் மறைவது ஏழே காலுக்கு. ஐந்து மணிக்கு வீட்டுக்கு வருபவருக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெயில் மிச்சம் இருக்கிறது. ஆறு மணிக்கு வருபவருக்கும் ஒரு பானை பொங்கும் அளவுக்கு இருக்கிறது.

சாஸ்திரப்படி சரியா என்று அம்மாவிடம் தொலைபேசியில் கேட்டேன். அம்மா யோசிக்கவே இல்லை. "பொழுது சாயறதுக்குள்ள பொங்கினாப் போதும்" என்றார். எங்கள் ஊரிலேயே நல்ல நேரம் பார்த்து முற்பகல் பதினொரு மணிக்குப் பானை வைக்கும் வீடுகள் உண்டு. பொங்கலன்று காலை அம்மா வாசலில் பானை வைக்கும்போது அங்கே மணி ஏழரை, இங்கே பத்து. எங்களுக்கு அது இடைவேளை. ஆசிரியர் அறையில் கைப்பேசியில் பார்ப்பேன். பக்கத்து மேசை மலாய் ஆசிரியை நுரை எந்தப் பக்கம் வழிகிறது என்று என்னைவிட ஆவலாகக் கேட்பார். பிறகு சாயங்காலம் நான் பானை வைக்கும்போது அங்கே பிற்பகல். சாப்பிட்டுப் படுக்கப் போன அம்மா எழுந்துவந்து, "தண்ணி பத்தலை, இன்னும் ஊத்து" என்று அங்கிருந்தே சொல்வார். ஒரே நாளில் இரண்டு வீட்டிலும் பொங்குவதால்தான் இது முடிகிறது. சனிக்கிழமை வைத்தால் அம்மாவுக்கு அது யார் வீட்டுப் பொங்கலோ!

அடுப்பு ஒரு பெரிய பிரச்சினை. அதைச் சொல்லாமல் 'வையுங்கள், வையுங்கள்' என்று எழுதுவது நியாயம் இல்லை. இங்கே புதிதாக வேலைக்கு வரும் பலர் ஒரு வீட்டில் ஓர் அறையை மட்டும் வாடகைக்கு எடுத்துத் தங்குகிறார்கள். 'சமையல் கூடாது' என்றோ 'லேசான சமையல் மட்டும்' என்றோ முதல் நாளே சொல்லிவிடுவார்கள். நூடுல்ஸ் கொதிக்கவைக்கலாம், குழம்பு தாளிக்க முடியாது. நானும் அப்படி இருந்தவள்தான். ஊரிலிருந்து சுமந்துவந்த வெண்கலப் பானை பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை. பிறகு ஈசூனில் இப்போதிருக்கும் வீட்டுக்கு வந்தபோது சமைக்க அனுமதி கிடைத்தது, ஆனால் அங்கே இருந்தது இண்டக்‌ஷன் அடுப்பு. அதில் வெண்கலமும் சூடேறாது, மண்பானையும் சூடேறாது.

அந்த வருடம் பொங்கலன்று பானையைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு மின்தூக்கிக்குக் காத்திருந்தேன். அப்போதுதான் ஆன்ட்டி முதன்முதலாக என்னிடம் பேசினார்.

"என்னம்மா, பானையைத் தூக்கிக்கிட்டு எங்க போற?"

"தோழி வீட்டுல கேஸ் அடுப்பு இருக்கு ஆன்ட்டி. தெம்பனிஸ்ல."

"தெம்பனிஸா! நீ போய்ச் சேர்றதுக்குள்ள இருட்டிடும். அரிசியை எடுத்துட்டு வா. அடுப்பு எங்கிட்ட இருக்கு."

அவர் வீட்டுச் சமையலறை ஜன்னல் மேற்குப் பார்த்தது. மேற்கு வெயில் அடிக்கும் வீடு என்றால் இங்கே யாருக்கும் பிடிக்காது, விலையைக் குறைத்துக் கேட்பார்கள். அந்த வெயில்தான் அன்று நேராக அடுப்பின்மேல் விழுந்துகொண்டிருந்தது. பானைக் கழுத்தில் மஞ்சள் கொத்தைக் கட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, பாலை ஊற்றி, இருவருமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். பொங்கியதும் அவர் "பொங்கலோ பொங்கல்" என்று சொன்ன சத்தத்தில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது.

ஆன்ட்டியின் அப்பா தஞ்சோங் பகார் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். துறைமுகத் தொழிலாளர் குடியிருப்பில்தான் ஆன்ட்டி வளர்ந்தார். அங்கே பொங்கல் வீட்டுக்குள் நடந்ததே இல்லை என்கிறார். வரிசையாகச் செங்கல் வைத்து, வெளியே எல்லாரும் ஒன்றாகத்தான் வைப்பார்களாம். தமிழ் முரசை நிறுவிய கோ. சாரங்கபாணி 1952இல் தமிழர் திருநாளைத் தொடங்கியபோது, இந்து, முஸ்லிம், கிறிஸ்துவர் என்று பார்க்காமல் தமிழர் எல்லாரும் கூடுவதற்கு அவர் எடுத்துக்கொண்டது இந்தப் பொங்கலைத்தான். பேச்சு, கட்டுரை, பாட்டு, விளையாட்டு என்று போட்டிகள் நடந்தன. ஆன்ட்டி சிறுமியாக ஒரு பாட்டுப் போட்டியில் பாடிப் பரிசாக வாங்கிய டம்ளரை இன்றும் வைத்திருக்கிறார். அடுத்த வீட்டு ராவுத்தர் பிள்ளைகளும் தானும் ஒரே மேடையில் பாடியதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

"அப்பாவுக்கு லீவெல்லாம் கிடையாது. கப்பல் வந்தா வேலைதான். ஷிப்டு முடிஞ்சு வந்து குளிச்சிட்டுப் பானை வைப்பாரு. தேதி மாறாது, நேரம்தான் மாறும்" என்றார் அவர். விடுமுறையும் வாரத்துக்கு இரண்டு நாள் ஓய்வும் இல்லாத காலத்தில், மூட்டை தூக்கிக் களைத்து வந்த மனிதர்கள் தேதியைக் காப்பாற்றினார்கள். குளிர்சாதன அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கும் நாம் அதை விட்டுவிடக் கூடாது என்று எனக்குப் படுகிறது.

நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குப் பிள்ளைகள்தான் முக்கியக் காரணம். தொடக்கநிலை இரண்டில் ஒரு பையனிடம் "உங்க வீட்டுல பொங்கல் எப்போ வைப்பீங்க?" என்று கேட்டேன். "பொங்கல் வீட்டுல இல்ல டீச்சர், கேம்பல் லேன்ல" என்றான். வகுப்பில் மற்றப் பிள்ளைகளும் தலையாட்டினார்கள். லிட்டில் இந்தியாவிலுள்ள கேம்பல் லேனில் நடப்பதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. தெரு விளக்கு அலங்காரமும், மண்பானைக் கடைகளும், கட்டுக் கட்டாகச் சாய்த்து வைத்த கரும்பும், பிள்ளைகள் தொட்டுப் பார்க்க மாடுகளும் அங்கே இருக்கின்றன. ஒரு காலத்தில் மாட்டு வணிகம் நடந்த வட்டாரத்துக்கு மாடு திரும்பி வருவது பொருத்தமும்கூட. ஆனால் பிள்ளையின் மனத்தில் பொங்கல் என்பது எம்ஆர்டி ரயில் ஏறிப் போய் வேடிக்கை பார்க்கும் இடமாக மட்டும் தங்கிவிட்டால், அவன் பெரியவனானதும் அந்த இடத்துக்குப் போகாமல் இருந்துவிடலாம். தன் வீட்டுச் சமையலறையில் பால் வழிந்து அடுப்பு அணைந்ததை மறக்க முடியாது.

இன்னொரு பிள்ளை, ஒரு சிறுமி, தன் அம்மா வேலை முடிந்து வந்து ரைஸ் குக்கரில் பொங்கல் வைத்ததைச் சொன்னாள். மூடியைத் திறந்துவைத்துப் பால் விளிம்புவரை வந்தபோது தானும் தம்பியும் மேசையைத் தட்டிக் கத்தினோம் என்றாள். அம்மா அலுவலக உடையைக்கூட மாற்றவில்லையாம். வகுப்பே வாயைப் பிளந்து கேட்டது. ரைஸ் குக்கரா என்று சிலர் முகம் சுளிக்கலாம். என்னைக் கேட்டால், சனிக்கிழமை மண்டபத்தில் வைக்கும் நூறு பானையைவிடத் தை முதல் நாள் மாலை வைத்த அந்த ரைஸ் குக்கர் பெரிது.

கரும்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தேக்கா சந்தையில் வாங்கி, கடைக்காரரிடம் சொல்லி இரண்டாக வெட்டிக் கொண்டுவந்து வாசலில் கட்டியிருந்தேன். எதிர்வீட்டுச் சீனப் பாட்டி நின்று பார்த்துவிட்டு, தங்கள் வீட்டிலும் கரும்பு கட்டுவோம் என்றார். அவர்கள் சீனர்களில் ஹொக்கியன் என்ற பிரிவினர். சீனப் புத்தாண்டின் ஒன்பதாம் நாள், விண்ணுலக அரசராக வணங்கும் ஜேட் சக்கரவர்த்தியின் பிறந்தநாளுக்கு அவர்கள் கரும்பு வைத்து வழிபடுகிறார்கள். முன்னோர்கள் பகைவரிடமிருந்து தப்பிக் கரும்புக் காட்டில் ஒளிந்து பிழைத்த கதையையும் அவர் சொன்னார். நாம் போகிக்கு ஒட்டடை அடிக்கும் நாள்களில்தான் அவர்களும் புத்தாண்டுக்காக வீட்டைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். அன்று மாலை ஒரு கிண்ணம் சர்க்கரைப் பொங்கல் கொண்டுபோய்க் கொடுத்தேன். சில வாரம் கழித்து அவர் வீட்டுக் கரும்பில் ஒரு துண்டு எங்கள் வீட்டுக்கு வந்தது. நாம் நம் நாளை அந்த நாளிலேயே வாசலில் வைத்துக் கொண்டாடுவதால்தான் பக்கத்து வீட்டுக்காரருக்கு அது தெரியவருகிறது.

எல்லாராலும் இது முடியாது என்பதும் தெரியும். தங்கும் விடுதிகளில் இருக்கும் ஊழியர்களுக்கும் இல்லப் பணிப்பெண்களுக்கும் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைதான் ஓய்வு. மருத்துவமனையில் மாலை வேலை பார்க்கும் தாதியரிடம் தேதி பற்றிப் பேச எனக்கு உரிமை இல்லை. அவர்களுக்காக ஞாயிற்றுக்கிழமை வைக்கும் பொங்கல் புண்ணியக் காரியம், அது தொடரட்டும். நான் கேட்பது மாலையில் வீட்டுக்கு வர முடிந்தவர்களை, அதிலும் முக்கியமாகச் சொந்த வீடும் எரிவாயு அடுப்பும் உள்ளவர்களை. உங்கள் மாடியிலோ பக்கத்து அடுக்குமாடி புளோக்கிலோ அடுப்பில்லாத ஒரு தமிழர் இருப்பார். வேலைக்கு வந்த இளைஞராகவோ, மேற்படிப்புக்கு வந்த பெண்ணாகவோ, என்னைப் போல ஓர் ஆசிரியராகவோ இருக்கலாம். தை முதல் நாள் மாலை அவரை வீட்டுக்குக் கூப்பிடுங்கள்.

உங்கள் நாளிதழிடம் என் வேண்டுகோள் இது. பொங்கலுக்கு முந்தைய வாரம், தை முதல் நாள் மாலை எந்தெந்த வட்டாரத்தில், எந்த புளோக்கின் கீழ்த்தளத்தில், எந்தச் சமூக மன்றத்தில் அல்லது கோயிலில் பானை வைக்கிறார்கள், எத்தனை மணிக்கு, வெளியார் வரலாமா என்ற விவரங்களை ஒரு பட்டியலாக வெளியிடுங்கள். பெரிய நிகழ்ச்சிகளுக்கு விளம்பரம் கிடைத்துவிடுகிறது. பத்துப் பேர் கூடும் ஒரு பானையைப் பற்றி அடுத்த தெருவில் இருப்பவருக்கே தெரிவதில்லை. ஊருக்குப் புதிதாக வந்தவர் உட்லண்ட்சிலோ ஜூரோங்கிலோ இருந்தால், நடந்து போகிற தூரத்தில் ஒரு பொங்கல் இருக்கிறது என்று அவருக்குச் சொல்ல உங்களால்தான் முடியும். கீழ்த்தளத்தில் வைக்க நினைப்பவர்கள் நகர மன்றத்தில் அனுமதி கேட்க வேண்டும், அடுப்பு மூட்டுவதற்கு என்ன நிபந்தனை என்பதையும் அப்போதே தெரிந்துகொள்ளலாம். பள்ளி விடுமுறையில் பலர் ஊருக்குப் போய்விடுவார்கள் என்பதால் நவம்பரிலேயே யாராவது ஒருவர் பொறுப்பேற்றுக்கொண்டால் நல்லது.

பட்டியல் வந்தால் எங்கள் மாடியையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். இடம் ஈசூன். முகவரியைத் தனித்தாளில் இணைத்திருக்கிறேன். பானையும் அடுப்பும் மஞ்சள் கொத்தும் எங்களிடம் இருக்கும். வெல்லமும் முந்திரியும் ஆன்ட்டி வாங்கி வைத்துவிடுவார். வருபவர்கள் ஆளுக்கு ஒரு கைப்பிடி அரிசி கொண்டுவந்தால் போதும். மாலை ஐந்தே முக்காலுக்குப் பால் ஊற்றுவோம், வேலை முடிந்து வரத் தாமதமாகும் என்றால் ஆறேகால்வரை காத்திருப்போம்.

இப்படிக்கு,
தமிழாசிரியை ஒருவர்,
ஈசூன், சிங்கப்பூர்